பாரிஸ்டர் பட்டத்தை உதறிய வரகனேரிக்காரர்... வ.வே.சு.ஐயர் கொடுத்த விலை என்ன?

லண்டனில் சட்டம் படித்து முடித்தாச்சு. பட்டம் வாங்குவதுதான் பாக்கி. அதற்கு பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்கணும். மனசில் இல்லாததை வாயால் சொல்ல முடியாது என்று பட்டத்தையே வேண்டாம் என்றுவிட்டார் திருச்சிக்காரர் ஒருவர். அவர்தான் வ.வே.சு.ஐயர்.

1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, திருச்சி நீதிமன்றத்தில் வக்கீலாகத் தொழில் செய்து, ரங்கூன் போய், அங்கிருந்து 1907-ல் லண்டன் போனார். பாரிஸ்டராகத் திரும்பியிருந்தால் அந்தக் காலத்தில் கார், பங்களா என்று செட்டில் ஆகியிருக்கலாம்.

ஸ்ரீரங்கத்து நண்பர்

லண்டனில் சாவர்க்கர் இருந்த 'இந்தியா ஹவுஸ்' விடுதிதான் ஐயரை மாற்றியது. அதே வட்டத்தில் இன்னொரு நம்ம ஊர்க்காரரும் இருந்தார். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன். அவர் மருத்துவப் பட்டத்தோடு ஊர் திரும்பினார். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது அவரது திருச்சி வீட்டிலிருந்துதான். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சரும் ஆனார். ராஜனும் நாட்டுக்காக உழைத்தவர்தான். ஆனால் அவரால் சொந்த ஊருக்கு வர முடிந்தது. ஐயரால் முடியவில்லை.

1910-ல் சாவர்க்கர் கைதானதும் ஐயருக்கும் வாரன்ட் வந்தது. பொய் உறுதிமொழி சொல்ல மறுத்த அதே மனிதர், போலீஸிடமிருந்து தப்ப மாறுவேஷம் போட வேண்டியதாயிற்று! பாரிஸ் வழியாகப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வரகனேரி பக்கத்தில்தான். ஆனால் எல்லை தாண்டினால் கைது. சுமார் 10 வருஷம் அப்படியே போச்சு. மனைவி பாக்கியலட்சுமியும் அங்கே வந்து அந்தக் கஷ்டத்தைப் பகிர்ந்துகொண்டார்.

கிடைத்தது எதுவுமே இல்லையா? இருந்தது. பாரதியார், அரவிந்தர் நட்பு. படிக்க, எழுத நேரம். திருக்குறளை முழுசாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், 1916-ல் வெளியானது. தமிழின் ஆரம்பகாலச் சிறுகதைகளில் ஒன்றான 'குளத்தங்கரை அரசமரம்' அவர் எழுதியது. வக்கீலாகச் சம்பாதித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1920-ல் பொது மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். துப்பாக்கிப் பாதையை விட்டு காந்தி வழிக்கு மாறியிருந்தார். 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியரானார். ராஜத்துரோக வழக்கில் 9 மாதம் பெல்லாரி சிறை. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

குருகுலத்தில் வந்த சோதனை

1922-ல் அவர் தொடங்கிய குருகுலம் பிறகு சேரன்மாதேவியில் நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் 10 ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, 5 ஆயிரம் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுவது வெளியே தெரிந்ததும் புயல் வெடித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள்.

ஐயருக்குத் தனிப்பந்தியில் நம்பிக்கை கிடையாது. எல்லா மாணவர்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஆனால் அந்த இரண்டு பையன்களின் பெற்றோருக்கு வாக்கு கொடுத்துவிட்டார். அதை மீற மாட்டேன் என்று நின்றார். இங்கேதான் அவருடைய நேர்மை இடறுகிறது. இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில், அடுத்த இலையில் உட்கார்ந்த மற்ற பையன்களுக்கு யார் வாக்கு கொடுத்தது? அந்தக் கேள்விக்கு ஐயரிடம் பதில் இல்லை. காந்தி தலையிட்டும் பிரச்னை அடங்கவில்லை. 1925-ல் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே வருஷம் ஜூன் மாதம் பாபநாசம் அருவிக்குப் போனபோது மகள் சுபத்ரா தண்ணீரில் விழுந்தார். காப்பாற்றக் குதித்த ஐயரும் திரும்பவில்லை. இரண்டு பேருமே போய்விட்டார்கள். அப்போது அவருக்கு வயது 44.

வரகனேரியில் அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. திருச்சிக்காரர்கள் ஒருநாள் எட்டிப் பார்க்கலாம்.