எட்டு அனாதைச் சிறுவரும் ஓர் அளவுச் சங்கிலியும்

கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அங்கே இடம் கிடைத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டான் என்று பெற்றோர் பூரிக்கிறார்கள். ஆனால், சோறு போட்டு வளர்க்கத் தகப்பன் இல்லாத எட்டுச் சிறுவர்களைக் கொண்டு தொடங்கிய பள்ளிக்கூடம் அது என்பதைப் பலர் அறியார். அதற்கு வித்திட்டவர் மைக்கேல் டாப்பிங்.

டாப்பிங் இங்கிலாந்துக்காரர். 1785-ம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். கடற்கரையை அளப்பதும், நட்சத்திரங்களைப் பார்த்து ஊர்களின் இருப்பிடத்தைக் கணிப்பதும் அவருடைய தொழில். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வான ஆராய்ச்சிக் கூடம் அவருடைய முயற்சியே. அதன் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது.

அதே ஆண்டில் திண்டுக்கல்லும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிலத்தை அளக்க வேண்டும். ஏரி, வாய்க்கால்களைச் செப்பனிட வேண்டும். ஆள் எங்கே? சீமையிலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம். டாப்பிங்கின் கண் எழும்பூர் அனாதை விடுதியின் மீது விழுந்தது.

மாண்டுபோன வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். பலருக்குத் தாய் இந்நாட்டுப் பெண். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அவர்களுக்கு மணலில் எழுதப் பழக்கி, மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி செய்திருந்தார். எழுத்து வந்துவிட்டது. பிறகு? பட்டாளத்தில் மேளம் தட்டலாம்; கச்சேரியில் நகல் எழுதலாம். அதற்கு மேல் வழி திறக்கவில்லை.

டாப்பிங் வழி திறந்தார். 1794-ம் ஆண்டு மே 17-ந் தேதி எட்டுச் சிறுவர்களுடன் சர்வே பள்ளி தொடங்கியது. கணக்கும் வடிவியலும் கற்றார்கள்; சங்கிலி பிடித்து நிலம் அளந்தார்கள்; படம் வரையப் பழகினார்கள். நேரே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜான் கோல்டிங்காமிடம் இருந்தது.

இதைத் தர்மம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குறைந்த சம்பளத்தில் ஆள் கிடைக்கும் என்பதே கம்பெனியாரின் கணக்கு. ஆனால் கற்றுக்கொண்ட வித்தை கம்பெனியின் சொத்தா? அது அந்தப் பையன்களின் சொத்து அல்லவா!

மரம் காய்ப்பதைப் பார்க்க டாப்பிங்குக்குக் கொடுத்து வைக்கவில்லை. கிருஷ்ணா, கோதாவரி நதிப் பிரதேசத்தில் நீர்ப்பாசன வேலைக்காக அலைந்தவர், 1796 ஜனவரியில் மசூலிப்பட்டணத்தில் காலமானார். பள்ளி தொடங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. எனினும் அவர் இட்ட விதை பட்டுப்போகவில்லை. அப்பள்ளியின் மாணவர்கள் பின்னர் காலின் மெக்கன்சியின் மைசூர் சர்வேயில் உதவியாளர்களாக உழைத்தார்கள்.

சர்வே பள்ளி 1859-ல் என்ஜினீயரிங் கல்லூரியாயிற்று. 1920-ல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

எர்ணாவூரிலோ திருவொற்றியூரிலோ படிப்பை நிறுத்திவிட்ட ஓர் ஏழைப் பையனிடம் கரணையும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொடுத்துத் தொழில் பழக்குகிறவர் செய்வதும் இதே காரியந்தான். ஒரு வேளைச் சோறு அன்றைய பசியைத் தீர்க்கும். கைக்கு வந்த தொழிலோ ஆயுள் முழுவதும் சோறு போடும். தூண் நட்டவரின் பெயர் நிலைத்தது. அந்த எட்டுச் சிறுவர்களின் பெயர்களை ஊர் மறந்துவிட்டது. அவர்கள் உட்கார்ந்து படித்த பள்ளியோ இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது.