வண்டிக்கு வண்ணம் பூசிய கை



ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் நாம், அங்குள்ள மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்ப்பது அரிது. 1792-ல், மைசூர்ப் போர் ஓய்ந்த சில வாரங்களில் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்த ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியல் அதை நின்று பார்த்தார், வரைந்தார்.

1749-ல் பிறந்த இவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் உழைத்த பின்னரே ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். தந்தையை இழந்த தம் சகோதரரின் மகன் வில்லியத்தைத் தம்மோடு வைத்துக்கொண்டு, 1786-ல் கொல்கத்தா வந்தார். உதவியாளாக வந்த அந்தச் சிறுவனைத் தமக்கு இணையான ஓவியனாக்கினார். நாடு திரும்பியபின் இருவரும் உழைத்து, 1795 முதல் 1808 வரை 144 இந்தியக் காட்சிகளை அச்சிட்டனர். ராயக்கோட்டையும் அவற்றுள் ஒன்று. 1837-ல் வில்லியம் இறந்தார். வளர்த்தவர் 1840 வரை வாழ்ந்தார். இவர்களின் ஓவியங்களைக் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இன்றும் காணலாம்.

நம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் இளைஞருள் எத்தனை ஓவியர்கள் மறைந்திருக்கிறார்களோ! தந்தையில்லாத ஒரு பிள்ளையின் கைபிடித்துத் தொழில் கற்றுக்கொடுக்க, நம் பங்கில் ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ முன்வருவாரா? சிந்திப்போம்.