காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னே போகும்? கேலிக்கு ஆளான விஞ்ஞானி... யார் இந்த ராபர்ட் கோடார்ட்?

1920 ஜனவரி 13. அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ஒரு இயற்பியல் பேராசிரியரை தலையங்கப் பக்கத்தில் வச்சு செய்தது. வெற்றிடத்தில் ராக்கெட் தள்ளுவதற்குக் காற்று இல்லையே, பள்ளிக்கூட இயற்பியல்கூட இவருக்குத் தெரியாதா என்பதுதான் அந்தக் கேலியின் சாரம்.

அவர் பெயர் ராபர்ட் கோடார்ட். 1882-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வூஸ்டரில் பிறந்தவர். கிளார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்.

தப்பு யார் பக்கம்?

நாளிதழ் பக்கம்தான். ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். ராக்கெட் எரிவாயுவைப் பின்னால் வேகமாக வீசுகிறது. வாயுவுக்குப் பின்பக்கமாக எவ்வளவு உந்தம் கிடைக்குதோ, அதே அளவு ராக்கெட்டுக்கு முன்பக்கமாகக் கிடைக்கும். துப்பாக்கி சுடும்போது தோளில் இடிக்குதே, அதே கணக்குதான். இதில் காற்றுக்கு வேலையே இல்லை. சொல்லப்போனால் காற்று ஒரு தடை.

இதை கோடார்ட் வாயால் மட்டும் சொல்லவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த கலனுக்குள் ராக்கெட்டை இயக்கி, உந்துவிசை வருவதை முன்பே சோதித்துக் காட்டியிருந்தார்.

திரவ எரிபொருள் ஏன்?

விசையை, அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. உந்தம் எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்வது இதுதான். வெடிமருந்தைவிட பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரிந்தால் வாயு இன்னும் வேகமாக வெளியேறும். அதாவது, ஒவ்வொரு கிலோ எரிபொருளுக்கும் கூடுதல் உந்தம்.

1926 மார்ச் 16. ஆபர்ன் ஊரில் ஒரு பண்ணை. உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் கிளம்பியது. பறந்தது சுமார் இரண்டரை விநாடி, உயரம் 12.5 மீட்டர். ஒரு நாலு மாடி வீட்டின் உயரம், அவ்வளவுதான்!

கேலிக்குப் பிறகு கோடார்ட் பத்திரிகைகளிடம் பேசவே தயங்கினார். 1930-ல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பகுதிக்குப் போய், ஒதுக்குப்புறத்தில் சோதனைகளைத் தொடர்ந்தார். 1945 ஆகஸ்ட் 10-ல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய 214 காப்புரிமைகளில் 131, மனைவி எஸ்தரின் முயற்சியால் இறப்புக்குப் பிறகே கிடைத்தன.

49 வருஷம் கழித்து...

1969 ஜூலை 16-ல் அப்பல்லோ 11 கிளம்பியது. மறுநாள், மூன்று பேர் நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அதே நாளிதழ் ஒரு சின்னத் திருத்தம் வெளியிட்டது. வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என ஒப்புக்கொண்டு, தவறுக்கு வருத்தமும் தெரிவித்தது.

அதைப் படிக்க கோடார்ட் இல்லை. அவர் இறந்து அப்போதே கிட்டத்தட்ட 24 வருஷம் ஆகியிருந்தது.