சீற்றம் யாருக்குச் சொந்தம்?

கமிட்டியில் பத்துப் பேர் கூடுகிறார்கள். தலைவர் மேசையைத் தட்டிச் சீறினால், அதை வீரம் என்கிறோம். அதே சீற்றம் ஒரு பெண் தோழரிடம் எழுந்தால், வாயாடி என்கிறோம். உணர்ச்சி ஒன்றுதான்; எடைபோடும் தராசுதான் இரண்டு! அந்தத் தராசின் கொடுமையை அனுபவித்தவர் ரோசா லக்சம்பர்க்.

ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த போலந்தில், 1871இல் பிறந்தார். ஜூரிச் பல்கலைக்கழகத்தில் 1897இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே பெர்லினுக்கு வந்து, ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியில் உழைத்தார். அரசியல் சங்கங்களில் பெண்கள் சேரவே கூடாது என்பது, 1908 வரை பிரஷ்யாவின் சட்டம். அந்த மண்ணில் நின்றுதான் பெருந்தலைவர்களோடு வாதாடினார்.

1910இல் வாக்குரிமைக்காகப் பொது வேலைநிறுத்தம் வேண்டும் என்று எழுதினார். நண்பர் கவுட்ஸ்கி தம் ஏட்டில் அதை வெளியிட மறுத்தார். ரோசா விடவில்லை, வாதம் முற்றியது. ஆஸ்திரியத் தலைவர் ஆட்லர், ஜெர்மன் கட்சித் தலைவர் பேபலுக்கு எழுதிய கடிதத்தில், ரோசாவை நஞ்சு கக்கும் பெண் என ஏசினார். பேபல் அந்த ஏச்சை மறுக்கவில்லை. ஆயினும் ரோசா இல்லாத கட்சி தமக்கு வேண்டாம் என்று பதில் எழுதினார். கவுட்ஸ்கியின் பேனாவும் சூடாகத்தான் ஓடியது. அதற்குப் பெயர் கொள்கை விளக்கம்!

இன்னொரு காட்சியையும் பாருங்கள். 1907 முதல் கட்சிப் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்தார் ரோசா. ஆசிரியர்களில் அவர் ஒருவரே பெண். கேள்விமேல் கேள்வி தொடுத்துத் தொழிலாளத் தோழர்களைச் சிந்திக்க வைத்தார். அவர்கள் அவரைப் போற்றினர். ஆசிரியர் நாற்காலியில் இருந்தபோது அறிவாகத் தெரிந்த கூர்மை, தலைவர்களுக்கு எதிரே நின்றபோது நஞ்சாகத் தெரிந்தது. மாறியது ரோசாவா? இல்லை, நாற்காலி!

1914 ஆகஸ்டு 4. போர்ச் செலவுக்குக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தனர். அன்று மாலையே ரோசாவின் வீட்டில் ஒரு சிறு குழு கூடியது. 300க்கு மேற்பட்ட தந்திகள் பறந்தன. தயங்காமல் உடனே கைகொடுத்தவர் கிளாரா ஜெட்கின். போர்க்காலத்தின் பெரும்பகுதி ரோசாவுக்குச் சிறையிலேயே கழிந்தது. கணவர் கார்ல் லீப்னெக்ட் சிறைப்பட்டதால் வாடிய சோபிக்கு, சிறைக்குள்ளிருந்தே ஆறுதல் கடிதங்கள் எழுதினார். சீறத் தெரிந்த நெஞ்சுக்குத் தேற்றவும் தெரிந்தது!

1919 ஜனவரி 15இல் ரோசாவையும் லீப்னெக்டையும் படையினர் கொன்றனர். ரோசாவின் உடலைக் கால்வாயில் வீசினர்.

தோழர்களே! நம் கிளைக் கூட்டத்தில் ஒரு பெண் குரல் உயர்த்தினால், குரலின் உயரத்தை அளக்க வேண்டாம். சொல்லின் உண்மையை அளப்போம். தலைவர் பேசினாலும் தொண்டர் பேசினாலும் தராசு ஒன்றாகவே இருக்கட்டும்!