காட்டைக் காத்த ரப்பர்த் தொழிலாளி: சிக்கோ மெண்டிஸ்

ஆறு இலேசியைகளைச் சிறுவர்க்கு விளக்குங்கால் நாவல் மரக் கதையைச் சொல்வது நம் மரபு. பசித்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட எண்ணுகின்றான். ஆறாமவனோ தானே உதிர்ந்த கனிகள் போதுமென அமைகின்றான். அந்த ஆறாமவனைப் பெரிதும் ஒத்த வாழ்க்கையினர் அமேசான் காட்டு மக்கள். அவர்களுக்காக உயிர் நீத்தவர் சிக்கோ மெண்டிஸ்.

பிரேசில் நாட்டின் மேற்கெல்லையிலுள்ள ஆக்ரே மாநிலத்தில், ஷாப்புரி என்னும் சிற்றூரை அடுத்த காட்டில் 1944 திசம்பர் 15ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி. மகனும் ஒன்பதாம் வயதிலேயே கத்தி ஏந்தி அத்தொழிலில் இறங்கினார். அங்கு ரப்பர் மரங்கள் தோட்டப்பயிர் அல்ல. பெருங்காட்டினூடே ஒன்றுக்கொன்று தொலைவில் தாமே வளர்பவை. பட்டையைக் கீறிப் பாலெடுத்தாலும் மரம் பல்லாண்டு வாழும். மழைக்காலத்தில் தாமாக உதிரும் பிரேசில் கொட்டைகளைப் பொறுக்குவர். அவர்கள் வேட்டையும் ஆடினர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. நம் விரதங்களை அறியாதவர் அவர்கள். எனினும் காடு நின்றால்தான் தமக்கு வாழ்வென்பதை நன்குணர்ந்திருந்தனர்.

முதலாளிமார் காட்டில் பள்ளி நடத்த இடந்தரவில்லை. எழுத்தறிந்தவன் கடன் கணக்கைப் படித்துவிடுவான் அன்றோ! பால் நிறுப்பதும் அவர்களே, அரிசிக்கும் உப்புக்கும் விலை வைப்பதும் அவர்களே. கடன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. இந்நிலையில், அரசுக்கு அஞ்சிக் காட்டில் மறைந்து வாழ்ந்த யுக்ளிடெஸ் தாவோரா என்னும் பொதுவுடைமையாளர் இளைஞர் மெண்டிசுக்கு ஆசிரியராக வாய்த்தார். வார இறுதிதோறும் மெண்டிஸ் காட்டுவழியே நெடுந்தொலைவு நடந்து சென்று, பழைய செய்தித்தாள்களைக் கொண்டு எழுத்துக் கற்றார். இரவில் வானொலியில் அயல்நாட்டுச் செய்திகளைக் கேட்டு ஆசிரியருடன் ஆராய்ந்தார். அரிச்சுவடி கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த நமக்கு அவர் வரலாற்றில் இப்பகுதியே நெஞ்சை விட்டு அகலாதது. 1980களின் தொடக்கத்தில் மேரி அலெக்ரெட்டி என்னும் மானிடவியல் அறிஞர் துணையுடன் அக்காட்டிலேயே தொழிலாளர் பள்ளிகள் எழுந்தன.

1970களில் மாட்டுப் பண்ணையாளர் நிலங்களை வாங்கிக் குவித்துக் காட்டை எரிக்கலாயினர். 1976 முதல் தொழிலாளர் ஒரு புதுவழி கண்டனர். மரம் வெட்டுமிடத்திற்குப் பெண்டிர், பிள்ளைகளுடன் திரண்டு சென்று வழிமறித்து, வெட்டுவோரிடம் பேசி, அவர்தம் கருவிகளைக் கீழே வைக்கச் செய்தனர். இதனை எம்பாச்சே என்பர். மெண்டிஸ் தந்த கணக்கின்படி 45 முறை மறித்ததில் வெற்றி கண்டது 15 முறையே.

அறவழி எப்போதும் பிறழாது நின்றதென நாம் கூறோம். 1980 சூலையில் வில்சன் பின்ஹெய்ரோ என்னும் சங்கத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வெகுண்ட தொழிலாளர் பண்ணை மேற்பார்வையாளர் ஒருவரைக் கொன்றனர். தலைவரைக் கொன்றோர் தண்டனை பெறவில்லை. தொழிலாளர் பலரோ சிறைப்பட்டு வதையுண்டனர். கொலைக்குக் கொலை என்பதால் காடு ஓரடியும் மிஞ்சவில்லை. அதன் பின்னரும் ஆயுதமின்றி மறிக்கும் வழியிலேயே மெண்டிஸ் தம் மக்களை நடத்தினார் என்பதே நாம் போற்றத்தக்கது.

1985இல் தலைநகர் பிரேசிலியாவில் ரப்பர்த் தொழிலாளரின் முதல் தேசிய மாநாடு கூடியது. காட்டை எவர்க்கும் விற்காமல் அரசே உடைமையாக வைத்து, பாலும் கொட்டையும் எடுத்து வாழும் உரிமையை அங்குள்ளார்க்கே அளிக்கவேண்டும் என்னும் திட்டம் அங்கு உருவாயிற்று. முன்பு முதலாளிகளால் ஏவப்பட்டுத் தொழிலாளர் விரட்டியடித்த பழங்குடியினரும் பின்னர் அவர்களுடன் உறவு பூண்டனர். 1987இல் மெண்டிஸ் அமெரிக்கா சென்று, காட்டை அழிக்கும் நெடுஞ்சாலைக்குக் கடன் தந்த வங்கியாரிடம் முறையிட்டார், கடன் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதும் பெற்றார்.

1988இல் கஷொய்ரா என்னுமிடத்துக் காட்டை அழிக்க முயன்ற டார்லி ஆல்வெஸ் என்னும் பண்ணையாரைத் தொழிலாளர் தடுத்தனர். திசம்பர் 22ஆம் நாள் மாலை, தோளில் துண்டுடன் குளிக்கப் புறக்கடைக் கதவைத் திறந்த மெண்டிசைப் பண்ணையாரின் மகன் மறைந்திருந்து சுட்டான். காவலுக்கு அமர்த்தப்பட்ட காவலர் இருவர் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தனர். மனைவியும் இரு குழந்தைகளும் வீட்டிலிருந்தனர். 44ஆம் பிறந்தநாள் கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது.

1990இல் தந்தைக்கும் மகனுக்கும் 19 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1993இல் இருவரும் தப்பியோடி, 1996இல் மீண்டும் பிடிபட்டனர். 1990 மார்ச்சில் ஷாப்புரியைச் சூழ்ந்த ஏறத்தாழ 9.7 இலட்சம் ஹெக்டேர் காடு மெண்டிஸ் பெயரால் மக்கள் காப்புக்காடாயிற்று. ஆனால் அதனுள்ளும் மாடுகள் புகுந்துவிட்டன. பாலுக்கும் கொட்டைக்கும் போதிய விலை கிடையாமையால் தொழிலாளர் குடும்பங்கள் சிலவே மேய்ச்சலுக்காக மரங்களை வெட்டி வருகின்றன.