பழைய கணினியில் புதுமை செய்த டென்னிஸ் ரிச்சி

இந்த முறை 'அறிஞரை அறிவோம்' பகுதியில் நான் எழுதப்போவது டென்னிஸ் ரிச்சி அவர்களைப் பற்றி. கம்ப்யூட்டர் என்றாலே பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இவர் பெயர் நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா நம்ம வீட்டு ஆண்ட்ராய்டு செல்போன் வரைக்கும் இவர் உழைப்பு இருக்கிறது.

பிறப்பும் படிப்பும்

டென்னிஸ் ரிச்சி 1941 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள பிராங்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. டென்னிஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலும், பிறகு பயன்பாட்டுக் கணிதமும் படித்தார். 1968-இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதியும் முடித்துவிட்டார். ஆனால் அந்தப் பட்டத்தை அவர் கடைசிவரை வாங்கவே இல்லை! அதற்குள் 1967-லேயே அப்பா வேலை செய்த அதே பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தார்.

மூலையில் இருந்த கணினி

அங்கே மல்டிக்ஸ் என்ற ஒரு பெரிய திட்டம் நடந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதால் 1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. ரிச்சியும் அவர் நண்பர் கென் தாம்சனும் மற்ற நண்பர்களும் புதுக் கணினி வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது.

நாமா இருந்தா கோவிச்சுக்கிட்டு சும்மா இருந்திருப்போம். தாம்சன் அப்படி இருக்கவில்லை. யாரும் அதிகம் தொடாமல் ஒரு பக்கமாக இருந்த பிடிபி-7 என்ற பழைய கணினியைப் பிடித்துக்கொண்டார். அதன் நினைவகம் இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட்தான். செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குக்கூட அது பத்தாது. அதில்தான் 1969-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் வடிவத்தைத் தாம்சன் எழுதினார். ரிச்சி அவருக்குத் தோள்கொடுத்தார்.

இடம் குறைவு என்பதால் எல்லாமே சிக்கனம். ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யணும். பெரிய வேலை வந்தால் சின்னச் சின்ன நிரல்களைச் சேர்த்துச் செய்துகொள்ளலாம். இதுதான் யூனிக்ஸின் வழி.

அடுத்து பிடிபி-11 என்ற கணினி 1970-இல் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. ஆவணங்களைத் தட்டச்சு செய்து சீர்படுத்த உதவுவோம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். சொன்னபடியே 1971-இல் காப்புரிமைப் பிரிவினர் யூனிக்ஸில் தட்டச்சு செய்தார்கள்.

சி மொழி

அந்தக் காலத்தில் ஒரு கணினிக்கு எழுதிய இயங்குதளம் பெரும்பாலும் வேறு வகைக் கணினியில் ஓடாது. ரிச்சி 1972-இல் சி என்ற நிரல் மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸையே சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதனால் பின்னாளில் யூனிக்ஸை வேறு வேறு கணினிகளுக்கும் கொண்டுபோக முடிந்தது. 1978-இல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து அவர் எழுதிய சி மொழிப் புத்தகம் உலகப் புகழ் பெற்றது. 1983-இல் ரிச்சிக்கும் தாம்சனுக்கும் டூரிங் விருது கிடைத்தது. கணினித் துறையின் நோபல் பரிசு என்று இதைச் சொல்வார்கள்.

நம்ம ஊருக்கு வந்த கதை

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸைப் பார்த்து, சி மொழியிலேயே லினக்ஸை எழுதினார். ஆண்ட்ராய்டு செல்போனுக்கு அடித்தளம் லினக்ஸ்தான். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை வைத்து 'பாஸ்' என்ற இந்திய இயங்குதளத்தை உருவாக்கியது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் இந்த பாஸ் லினக்ஸும் இருந்தது.

அப்படி ஒரு மடிக்கணினி எங்க பெரியம்மா மகள் அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் எங்க வீட்டுப் பரணுக்கு வந்துவிட்டது. ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆகும். வாரச்சந்தைக்குப் போகும்போது பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு இருக்கிறது அது ஒன்றுதான். செல்போனில் நிரல் எழுதிப் பழகுவது கஷ்டம்.

எங்கள் அறிவியல் டீச்சர் ஒரு பென்டிரைவில் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். இது பழைய கணினிகளுக்கென்றே செய்தது. அலங்காரம், அசையும் படம் எல்லாம் குறைவு. முதலில் உள்ளே எதையும் மாற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். அப்புறம் அக்காவோட போட்டோ எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டு உள்ளே பதிந்தோம். இப்போ ஒரே நிமிஷத்தில் ஆன் ஆகிறது. பேட்டரி மட்டும் நிக்காது, கரண்ட் போனா அணைஞ்சிடும்.

அம்மாவோட மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்கை மாசாமாசம் அதில்தான் தமிழில் அடித்துக் கொடுக்கிறேன். யூனிக்ஸ் தட்டச்சு வேலை செய்து தன் இடத்தைப் பிடித்த மாதிரிதான்! எடைக்குப் போடுற பேச்சை அப்பா இப்போ எடுப்பதில்லை. மீதி நேரத்தில் சி மொழி பழகுகிறேன். அந்த மடிக்கணினியின் நினைவகம் 2 ஜிபி. பிடிபி-7-ஐ விட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்! இதைப் போய் எப்படிப் பத்தாது என்று சொல்வது?

மறைவு

2007-இல் ரிச்சி ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12-ஆம் தேதி நியூஜெர்சியில் தன் வீட்டில் அவர் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். வயது 70. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகமே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் ரிச்சியின் மறைவு பலருக்குத் தெரியாமலே போனது. நம்ம அண்ணன்கள் அக்காக்கள் கைக்கு மடிக்கணினி வர ஆரம்பித்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தோழிகளே, தோழர்களே! உங்க வீட்டிலும் அப்படி ஒரு மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒருமுறை பள்ளிக்கு எடுத்து வாருங்கள். அந்தப் பென்டிரைவ் டீச்சரிடம் இருக்கிறது.



ஒன்பதாம் வகுப்பு மாணவி,
காரிமங்கலம்.