வத்திராயிருப்புத் தந்த விஞ்ஞானி

கூமாப்பட்டியை அடுத்துள்ளது வத்திராயிருப்பு. மலையடிவாரத்தில், வயலும் கண்மாயும் சூழ்ந்த அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். திருவில்லிபுத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் பயின்ற அவர், கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது உடனிருந்து உழைத்தவர் அவரே. அவரைப் புகழ்வோர் பலர் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அது பொருந்தாது, அவர்தம் தனிப் பெரும்பணி அதன் பின்னரே தொடங்கிற்று.

அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சேர்ந்தார். சிறு படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தத்தின் இடையே அது திரும்பும் அளவைக் கொண்டு அதன் காந்தப் பண்பை நுட்பமாக அளந்தார். 1940இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1942இல் அலகாபாத்தில் பேராசிரியரானார். அங்கே, பாட்டியா என்னும் இளைஞருடன் உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். உலோகத்தில் அணுக்கள் நாற்று நட்ட வரிசைபோல் ஒழுங்குற நிற்கின்றன. அவ்வொழுங்கு குலையும் இடத்தில் எலக்ட்ரான்கள் சிதறுகின்றன; அதுவே மின்தடை. இதனை அறிஞர் முன்னரே அறிந்திருந்தனர். ஒளி சிதறுவதும் எலக்ட்ரான் சிதறுவதும் ஒப்புமையுடையன எனக் கொண்டு, உருகிய உலோகத்தின் தடையையும் கணக்கிட வழிகண்டவர் இவ்விருவர். கல்கத்தாவில் கற்ற கல்வி அலகாபாத்தில் பயன் தந்தது.

இவ்வொழுங்குக் குலைவு இன்று வேறொரு வடிவில் ஆராயப்படுகிறது. கடுங்குளிரில் மின்தடையை அறவே இழக்கும் பொருள்களை மீக்கடத்திகள் என்பர். 1987இல், திரவ நைட்ரஜனின் குளிரே போதுமான மீக்கடத்தி கிட்டிற்று. இவ்வினப் பொருள்களை உலோகத் தகட்டின்மேல் நாடாவாகப் படியவைத்து, அணுக்கருப் பிணைவு உலைகளுக்கு வலிய காந்தங்கள் செய்ய முயல்கின்றனர். அவ்வுலையில் எழும் நியூட்ரான்கள் நாடாவைத் தாக்கி அணு வரிசையில் வடுக்களை உண்டாக்கும். வடு சிறிதாயின், வியப்பு! அது நன்மையே செய்கிறது. நாடாவினுள் காந்தப் புலம் சிறு சிறு சுழல்களாகப் புகும். அவை நகர்ந்தால் தடை பிறக்கும். கன்றை முளையிற் கட்டினாற்போல வடுக்கள் அவற்றை நிறுத்துதலின், நாடா மிகுதியான மின்னோட்டத்தைத் தாங்கும். வடு பெருகினாலோ மீக்கடத்தும் இயல்பே குன்றும். உலைக் காந்தத்தின் ஆயுள் இவ்வெல்லையைப் பொறுத்தது.

இந்நாடாக்களைக் காண கிருஷ்ணன் இருந்திலர். 1947இல் தில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டில் அணுசக்திக் குழுவிலும் உறுப்பினரானார். நிருவாகச் சுமைக்கிடையிலும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. சூடேறிய பொருள்களினின்று எலக்ட்ரான்கள் வெளிப்படுவதை ஆராய்ந்துவந்தார். 1961ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14ஆம் நாள் மறைந்தார்.